வலது கன்னத்து மச்சம்

நூரம்பெர்க், 1523 செப்டம்பர் 14

அன்புள்ள அக்கா அபொலோனியாவுக்கு, தம்பி லீன்ஹார்ட் எழுதுவது.

ஆண்டவர் அருளால் நானும் ஒட்டிலியும் சுகம். உன் சுகத்தையும் மடத்தில் எல்லாருடைய சுகத்தையும் அறிய ஆவல். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஒட்டிலிக்கு இது ஆறாம் மாதம். முட்டைக்கோஸ் வேகும் வாசனை வந்தால் போதும், கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடிவிடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நல்ல வேடிக்கை.

நாலு மாதமாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வேலை இல்லாமல் அல்லாடிக்கொண்டிருந்தேன். உங்களைப் போன்ற மடங்களுக்கு நான் செதுக்கிக் கொடுத்த சின்னச் சின்னப் புனிதர் படங்களை இங்கே இப்போது சீந்துவாரில்லை. போன வருஷம் வரை ஜெபப் புத்தகத்தில் ஒட்டிவைத்துக்கொள்ளப் போட்டி போட்டு வாங்கிய அதே ஆட்கள், மடமும் புனிதர் வணக்கமும் வேண்டாம் என்கிற புதிய போதகத்தைக் கேட்டுவிட்டு வந்து, "காகிதத்தக் கும்பிடச் சொல்றியா? போப்பா, வேற வேலையப் பாரு" என்கிறார்கள். எனக்கும் அந்தப் போதகத்தில் பாதி சரியென்றே படுகிறது. மீதிப் பாதியைச் சொன்னால் நீ சண்டைக்கு வருவாய். விட்டுவிடுகிறேன்.

இப்போது ஸ்டெங்கல் முதலாளியின் அச்சுக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஒற்றைத் தாள் படங்கள். மேலே படம், கீழே பாட்டு. காலையில் அச்சடித்தால் சாயங்காலத்துக்குள் ஒன்றும் மிஞ்சாது. படம் வரைகிறவர் அச்சு மரக்கட்டைமேல் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். முகங்களை மட்டும் வெறும் வட்டமாக விட்டுவிடுவார். "ஏதாவது ஒரு மூஞ்சிய வச்சு முடிடா" என்பதுதான் அவர் உத்தரவு. போன வாரம் அப்படி ஒரு முகம் வைத்தேன். முதலாளியே தாளைத் தூக்கிப் பிடித்து, "பயலே, இது பேசிடும் போல இருக்கே!" என்றார். என்ன படம் என்று கேட்காதே. ஊர் நையாண்டி, அவ்வளவுதான்.

அதே கட்டையில் நரியின் மூக்கில் உளி வழுக்கிவிட்டது. கெட்ட இடத்தைக் குடைந்தெடுத்து, அளவாக வேறொரு பேரி மரத்துண்டை இறுக்கிப் பொருத்தி, அதன்மேல் மறுபடி செதுக்கிச் சரிசெய்தேன். மரத்தில் எந்தத் தப்புக்கும் பரிகாரம் உண்டு அக்கா, அதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தது.

வண்டிக்காரரிடம் தேன் ரொட்டி கொடுத்தனுப்புகிறேன். மடத்துத் தலைவியான தாயாருக்கும் ஒரு துண்டு கொடு.

என்றும் உன் தம்பி,
லீன்ஹார்ட்

*

வைசன்பாஹ் மடம், புனித லூக்கா திருநாள், 1523

என் பிரியமான தம்பிக்கு, அக்காவின் ஆசீர்.

நான் சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதை எனக்கு ஒருநாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. ஒட்டிலிக்காகத் தினமும் மன்றாடுகிறேன். முட்டைக்கோஸ் வேண்டாமென்றால் பார்லிக் கஞ்சி வைத்துக் கொடு, ஓடமாட்டாள்.

உன் கடிதத்தைத் தாயார் வழக்கம்போல முதலில் படித்துவிட்டுத்தான் தந்தார். "உங்க தம்பிக்குப் பாதி சரின்னு படுதாம். எந்தப் பாதின்னு கேட்டு எழுதுங்க" என்றார். இந்தக் கடிதத்தையும் அவர் படிப்பார். தாயாரே, நான் கேட்டுவிட்டேன்.

தேன் ரொட்டி வந்தது. வெள்ளிக்கிழமை வாசல் சன்னலில் நின்று ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பது பதினோரு வருஷமாக என் வேலை என்பதால், ஊரில் பாதிப்பேருக்கு இந்த மடத்தில் என் முகம் மட்டும்தான் தெரியும். அதனால் உன் தேன் ரொட்டியிலும் பங்கு கேட்டு ஆள் வந்துவிட்டது. நான் நுனியை மட்டும் தின்றேன்.

புனிதர் படத்துக்கு ஆளில்லை என்று படிக்க வருத்தமாக இருந்தது. நீ முதன்முதலாகச் செதுக்கி அனுப்பிய என் பெயர்ப் புனிதையை இன்னும் வைத்திருக்கிறேன். பல் பிடுங்கும் குறட்டை இடது கையில் பிடித்திருக்கிறாளே, அவள்தான். கட்டையில் இருப்பது தாளில் பக்கம் மாறி விழும் என்பதை நீ மறந்துபோனாய். இங்கே எல்லாரும் அவளை இடதுகைக்காரி என்றே கூப்பிடுகிறார்கள். ஆசையாகச் செய்தால் உனக்கு வலது இடது மறந்துவிடும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

அது என்ன நரி? கதைப் படமா? ஒரு தாள் அனுப்பு. பேசுகிற முகத்தை நானும் பார்க்கிறேன்.

உனக்காக வேண்டும்,
அபொலோனியா

*

வைசன்பாஹ், புனித லூசியா திருநாள், 1523

பிரியமான தம்பிக்கு.

உன்னிடமிருந்து பதில் இல்லை. பேறுகாலம் நெருங்கிவிட்டதால் இருக்கலாம். ஒட்டிலி நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும். நான் சுகம்தான், ஆனாலும் ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

போன வாரம் மீன்காரி சன்னலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "சிஸ்டர், நீங்க தப்பா நெனைக்காதீங்க. உங்களப் படமாப் போட்டிருக்காங்க. சந்தையில, சாராயக் கடையில, எல்லாச் சுவத்துலயும் நீங்கதான். நல்லா சிரிக்கிறீங்க!" என்றாள். மறுநாள் எங்கள் வாசற்கதவிலேயே ஒன்றை ஒட்டியிருந்தார்கள்.

நரி மூஞ்சி வைத்த ஒரு துறவி. மடியில் ஒரு கன்னியாஸ்திரி. அவள் கையில் மதுக்குடம். முக்காடு நழுவியிருக்கிறது. கீழே இருக்கும் பாட்டை எழுத எனக்குக் கை கூசுகிறது. அந்தப் பெண்ணுக்கு என் முகம். கன்னத்தில் மச்சம். கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். இருபது வருஷமாக நான் அப்படிச் சிரித்ததில்லை, இங்கே என்னை அப்படிப் பார்த்தவர் யாரும் இல்லை. நரியின் மூக்கைச் சுற்றி மயிரிழைபோல ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது, ஏதோ ஒட்டுப் போட்டதுபோல.

தாயார் என்னைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் நிறுத்தினார். தாளை என் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எல்லாரையும் கூட்டி, "நல்லாப் பாருங்க. படத்துல மச்சம் வலது கன்னத்துல. இவளுக்கு இடது. இது இவ இல்ல. இனிமே இதப் பத்தி ஒரு பேச்சு கேட்கக் கூடாது" என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

நீ அந்தத் தொழிலில் இருக்கிறாய். இதைச் செதுக்கியவன் யார் என்று உனக்குத் தெரியுமா?

அக்கா,
அபொலோனியா

*

நூரம்பெர்க், 1524 ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு.

எல்லாரும் சுகம். குழந்தை பிறந்துவிட்டது, பெண். உன் பெயரை வைக்கலாம் என்றேன். ஒட்டிலிக்குப் புனிதர் பெயர் இப்போது பிடிக்கவில்லை. சூசன்னா என்று வைத்திருக்கிறோம். உன் நெற்றி, உன் பிடிவாதம். பால் வேண்டுமென்றால் தெருமுனை வரை கேட்கிறது.

நீ எழுதிய படத்தை நான் பார்க்கவில்லை. இங்கே செதுக்குகிறவர்கள் இருபது பேருக்கு மேல். யாரும் தாளில் பெயர் போடுவதில்லை. முக்காடு போட்டால் கன்னியர் எல்லாரும் ஒரே சாடைதான் அக்கா, மீன்காரி பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இந்தப் படங்களுக்கு ஆயுசு ஒரு மாதம். அடுத்த படம் வந்ததும் இதில் மீன் மடித்துக் கொடுப்பார்கள்.

மச்சம் வலது பக்கம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

தம்பி,
லீன்ஹார்ட்

*

வைசன்பாஹ், என் பெயர்த் திருநாள், 1524

தம்பிக்கு.

குழந்தைக்கு என் முத்தம். சூசன்னா நல்ல பெயர். பொய்ப்பழி சுமந்து கடைசியில் தப்பித்தவள். நீ அதை நினைத்து வைத்தாயா என்று தெரியவில்லை.

படத்துக்கு ஆயுசு ஒரு மாதம் என்றாய். இது மூன்றாம் மாதம். இப்போது வெள்ளிக்கிழமைகளில் ரொட்டி வாங்க வருகிறவர்கள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒருத்தன் ரொட்டியை வாங்கிக்கொண்டே, "நரி சாமியாருக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருக்கீங்களா, சிஸ்டர்?" என்றான். பதினோரு வருஷமாக என் கையால் வாங்கித் தின்றவன். எங்கள் ஆன்ம குருவை ஆயர் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார். பாவம், எழுபது வயசுக்காரர், நடக்கத் தடி வேண்டும், அவர்தான் நரியாம். தாயார் என்னைச் சன்னலிலிருந்து எடுத்துவிட்டுச் சமையலறையில் போட்டிருக்கிறார். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் ஆயரின் அதிகாரி விசாரிக்க வருகிறார். ஊர் மன்றத்தில் புதிய போதகக்காரர்கள்தான் இப்போது அதிகம். மடத்தை மூட அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும், ஆயருக்கோ மடத்தைக் காப்பாற்ற ஒருத்தியைக் கைகழுவினால் போதும்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். உன்னிடம் இல்லை, அதைச் செதுக்கியவனிடம். நீ அவனைத் தேடிக் கண்டுபிடித்தால் சொல். ஒரே ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து. அந்த முகத்தை என் மனசிலிருந்து செதுக்கினேன் என்று அவன் எழுதிக் கொடுத்தால் போதும். வைசன்பாஹில் எவனும் எதையும் கண்டு வரையவில்லை என்று ஆகிவிடும். தாயார் அப்படித்தான் சொல்கிறார். அவனுக்குக் கஷ்டம் வரலாம், எனக்குத் தெரியும். யோசித்துச் செய்யச் சொல்.

அபொலோனியா

*

(அனுப்பாமல் மரப்பெட்டியில் வைத்தது)

நூரம்பெர்க், 1524 பிப்ரவரி 28

அக்கா,

நான்தான். உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். வட்டமாக விட்ட முகத்தில் கன்னியாஸ்திரி ஒருத்தியை வை என்றார்கள். எனக்குத் தெரிந்த கன்னியாஸ்திரி நீ ஒருத்திதான். நீ மடத்துக்குப் போகும் முன், தோட்டத்தில் ஆப்பிள் திருடிவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பாயே, அந்த முகம் தானாக உளியில் வந்தது. கேலி செய்ய நினைக்கவே இல்லை. அந்தப் படத்திலேயே அழகான இடம் அதுதான். அது மூன்று நாள் வண்டிப் பயணம் தாண்டி உன் வாசலில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று யார் கண்டது?

கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். ஒட்டிலி வந்து நின்றாள். "தணிக்கை இல்லாம அடிச்ச தாளுன்னு நகர மன்றம் மோப்பம் பிடிச்சிட்டிருக்கு. போன மாசம் ஒருத்தன குடும்பத்தோட கோட்டைக்கு வெளிய துரத்தினாங்க, பனியில. நீ உன் அக்காவுக்கு எழுதினா தாயார் படிப்பாங்க, ஆயர் படிப்பாரு, அப்புறம் ஊரே படிக்கும். இவளத் தூக்கிட்டு நான் எங்க போறது?" என்றாள். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு அழுதாள்.

வேறு வழி ஒன்று செய்திருக்கிறேன். இன்று காலை கட்டையை மேலங்கிக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன். பேரி மரம் நன்றாக எரிந்தது. உன் முகம் கடைசியாகத்தான் பிடித்தது.

நான் கோழை அக்கா. வேறு வார்த்தை இல்லை.

*

நூரம்பெர்க், 1524 மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு.

நாங்கள் சுகம், சூசன்னா சிரிக்கத் தொடங்கிவிட்டாள். உனக்கு ஒரு நல்ல செய்தி. விசாரித்துப் பார்த்தேன். அந்தப் படத்தின் கட்டை அழிந்துபோயிற்றாம். இனி ஒரு தாள்கூட வராது. செதுக்கியவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் அதிகாரி வரும்போது தாயார் சொன்னதையே நீயும் சொல். வலது கன்னம், இடது கன்னம். அதை யாராலும் மறுக்க முடியாது.

தைரியமாக இரு.

லீன்ஹார்ட்

*

வைசன்பாஹ், புனித ஜார்ஜ் திருநாள், 1524

தம்பிக்கு.

இந்தக் கடிதத்தைத் தாயார் படிக்கவில்லை. வாசல் காக்கும் சகோதரி வால்பர்கா தன் அங்கிக்குள் வைத்து வண்டிக்காரரிடம் சேர்க்கிறாள். பதிலையும் அவள் பெயருக்கே அனுப்பு. நல்ல மனசுக்காரி. எதையும் பிரித்துப் பார்க்கமாட்டாள்.

அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சளி பிடித்திருந்தது, அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டார். தாயார் வாசற்கதவிலிருந்து கிழித்தெடுத்த தாளைக் கொடுத்தார். அவர் என் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "வலதுபக்கம்தான் இருக்கு. சரி, இது போதும்" என்று சொல்லிப் பேனாவை மையில் தோய்த்தார். அப்போது ஊர் மன்றத்து எழுத்தர் எழுந்து, "ஐயா, போன வாரம் வந்த தாளையும் பார்த்துட்டு எழுதுங்க" என்று இன்னொன்றை மேசைமேல் போட்டார்.

அதே நரி. அதே குடம். கோடுகள் கொஞ்சம் முரடு, மூக்கில் ஒட்டு இல்லை. எல்லாம் பக்கம் மாறியிருந்தது. மச்சம் இடது கன்னத்தில் இருந்தது.

"முதல்ல தப்பாப் போட்டவங்க யாரையோ கேட்டுத் திருத்தியிருக்காங்க" என்றார் எழுத்தர். தாயார் என்னைப் பார்க்கவே இல்லை.

பிறகு அதிகாரி கேட்டார். "உங்க தம்பி நூரம்பெர்க்ல மரம் செதுக்குறவராமே?" ஆமாம் என்றேன். "இது அவர் வேலையா?" என்றார். நற்செய்திப் புத்தகத்தின்மேல் என் கையை வைத்தார்கள். "அவன் புனிதர் படம் மட்டுந்தான் செதுக்குவான்" என்றேன். என் பெயரைச் சொல்வதுபோல அவ்வளவு சுலபமாக வந்தது. அந்தச் சத்தியத்தைப் பற்றி உன்னிடம் வேறொன்றும் சொல்ல மாட்டேன். உன் மகள் கைக்குழந்தை. எனக்கோ அதற்குப் பிறகு ஜெபம் வரவில்லை. வாயைத் திறந்தால் அந்தப் பொய்தான் முன்னால் வந்து நிற்கிறது.

முக்காட்டை எடுத்துவிட்டார்கள். நிலவறைக்குப் பக்கத்தில் ஒரு அறையில் அடைத்திருக்கிறார்கள். தண்ணீரும் கம்பு ரொட்டியும். தூய ஆவித் திருநாளுக்குப் பிறகு ஆயர் தீர்ப்புச் சொல்வார். அதற்குள் அந்த ஒரு வரி வந்தால் நான் திரும்ப மேலே போகலாம்.

கட்டை அழிந்துபோயிற்று என்றாயே தம்பி. அழிந்த கட்டையிலிருந்து தாள் எப்படி வந்தது? நீ தொழில் தெரிந்தவன், சொல்.

அபொலோனியா

*

வைசன்பாஹ், விண்ணேற்றத் திருநாள், 1524

தம்பிக்கு.

பதில் வரவில்லை. சூசன்னாவுக்கு உடம்பு சரியில்லையா? அப்படியானால் என் கடிதத்தை மறந்துவிடு, அவளைப் பார்.

நீ ஒருமுறை எழுதியிருந்தாய், கெட்ட இடத்தைக் குடைந்தெடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று. இறகுப் பேனா சீவும் சின்னக் கத்தி ஒன்று என்னிடம் இருந்தது. மச்சத்தை எடுத்துவிட்டேன். அது இல்லாவிட்டால் எந்தத் தாளும் என்னைப்போல இராது என்று நினைத்தேன். அடைபட்டுக் கிடந்தால் புத்தி இப்படித்தான் வேலை செய்யும் போலிருக்கிறது. தாயார் பார்த்துவிட்டு, "குத்தம் பண்ணாதவ எதுக்குடி அறுத்துக்கணும்?" என்று கத்தினார். முதன்முறையாக என்னை 'டி' போட்டுப் பேசினார்.

கன்னம் கண்வரை வீங்கியிருக்கிறது. குளிர்கிறது. பல்வலிக்கு என் புனிதையை வேண்டுகிறவர்கள் உண்டு, இதற்கு யாரை வேண்டுவது என்று தெரியவில்லை. வால்பர்கா சுடுதண்ணீரும் வெங்காயப் பற்றும் கொண்டுவருகிறாள். சிரிக்க முயற்சி செய்தேன் அவளுக்காக. வலித்தது.

எழுது. எதையாவது எழுது.

அக்கா

*

நூரம்பெர்க், 1524 மே 11

அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் இன்று ஒன்றாகக் கிடைத்தன. வண்டிக்காரர் வழியில் காய்ச்சலாகக் கிடந்திருக்கிறார். சூசன்னா சுகம். எல்லாரும் சுகம். சுகமாக இருப்பதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான்தான் செதுக்கினேன். உன் முகம் மனசில் எப்படி இருந்ததோ அப்படியே கட்டையில் வைத்தேன், இடதுபக்கத்து மச்சத்தோடு. தாளில் பக்கம் மாறும் என்பதை மறந்துவிட்டேன். அந்தப் பிழைதான் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டையை நான் எரித்தேன், உனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு. கட்டை காணோம் என்றதும் ஸ்டெங்கல் முதலாளி ஒரு நாளைகூட வீணாக்கவில்லை. பழைய தாள் ஒன்றை இன்னொருவனிடம் கொடுத்திருக்கிறார். அவன் அவசரத்தில் கண்ணுக்குத் தெரிந்தபடியே புதுக்கட்டையில் வரைந்து செதுக்கிவிட்டான். அச்சில் அது மறுபடி பக்கம் மாறியது. என் பிழை திருந்திவிட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நீ இன்று சமையலறையில் இருப்பாய்.

நேற்றுத்தான் முதலாளியின் அலமாரியில் புதுக்கட்டையைப் பார்த்தேன். வைசன்பாஹ் வரை அது வந்திருக்காது என்று நேற்றுக்கூட நினைத்தேன். நேற்றே உனக்கு எழுதாமல் இருந்ததற்கு அதுதான் சாக்கு.

இதனுள் தனியாக மடித்த தாளில் நீ கேட்ட வரி இருக்கிறது, என் முழுப்பெயரோடு. அதிகாரியிடம் கொடு. மன்றம் என்னைத் துரத்தட்டும். ஒட்டிலியிடம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவள் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கிவிட்டாள்.

கன்னத்தைத் தொடாதே. அழுக்குத் துணி படாமல் பார்த்துக்கொள். திட்டியாவது ஒரு வரி எழுது அக்கா.

லீன்ஹார்ட்

*

வைசன்பாஹ் மடம், தூய ஆவித் திருநாளுக்குப் பின் மூன்றாம் நாள், 1524

மதிப்புக்குரிய லீன்ஹார்ட் அவர்களுக்கு, சகோதரி வால்பர்கா வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் மனைவியும் குழந்தையும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அக்கா சனிக்கிழமை பகல் உணவு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இறந்துபோனார்கள். விஷக்காய்ச்சல் என்று வைத்தியர் சொன்னார். கடைசி இரண்டு நாள் நினைவு இல்லை. அதற்கு முன்பு, "தம்பிகிட்டருந்து ஏதாவது வந்துச்சா?" என்று தினமும் கேட்பார்கள். நான் வரவில்லை என்று சொல்வேன். "வழியில வண்டி நின்னிருக்கும்" என்பார்கள். தங்கள்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை.

தங்கள் கடிதம் ஞாயிற்றுக்கிழமை காலையில், அடக்கத்துக்குப் பெட்டியை மூடும் நேரத்தில் வந்தது. வெளியே என் பெயர் இருந்தாலும் அது அவர்களுக்கு வந்த கடிதம், பிரிக்க எனக்கு உரிமை இல்லை. முத்திரையோடு அவர்கள் கையில் வைத்துவிட்டேன். அதோடுதான் புதைத்தோம். அவ்வளவு ஆசையாகக் கேட்டார்களே, சேர்ந்துவிட்டது என்று எனக்கு ஒரு நிம்மதி.

தீர்ப்பு வராததால் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் தரவில்லை. மதிலுக்கு வெளியே, முட்டைக்கோஸ் பாத்திக்கு அப்பால் வைத்திருக்கிறோம். சிலுவை வைக்கக் கூடாதென்று உத்தரவு.

ஒரு விண்ணப்பம். அவர்களை நினைத்துக்கொள்ள எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. தாங்கள் புனிதர் படம் செதுக்குகிறவர் என்று அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு சின்னப் புனித அபொலோனியா செதுக்கித் தர முடியுமா? முகம் மட்டும் அவர்கள் முகமாக இருக்கட்டும். எங்களில் நாலைந்து பேர் ஜெபப் புத்தகத்தில் ஒளித்துவைத்துக்கொள்வோம். கூடப் பிறந்தவர், தங்களுக்கு அந்த முகம் நன்றாக நினைவிருக்கும். மச்சம் இடது கன்னத்தில், மறந்துவிடாதீர்கள்.

தங்கள்
வால்பர்கா

*

நூரம்பெர்க், 1524 ஜூன் 9

மதிப்புக்குரிய சகோதரி வால்பர்கா அவர்களுக்கு.

தங்கள் கடிதம் வந்தது. குழந்தை சுகம். என் அக்காவுக்குத் தாங்கள் கொண்டுபோன சுடுதண்ணீருக்கு நான் என்ன செய்து நன்றி தீர்ப்பேன் என்று தெரியவில்லை.

படம் கேட்டிருந்தீர்கள். பேரி மரக்கட்டை ஒன்றை இழைத்து மேசைமேல் வைத்து ஆறு நாள் உட்கார்ந்தேன். உடம்பு, அங்கி, கையில் குறடு எல்லாம் வந்தது. முகத்தை வெறும் வட்டமாக விட்டிருக்கிறேன். அதில் உளியை வைக்க என்னால் முடியவில்லை. இனி எப்போதும் முடியாது.

அந்த முகத்தை நான் ஏற்கெனவே செதுக்கிவிட்டேன், சகோதரி. உங்கள் ஊர்ச் சந்தைச் சுவரில் தேடினால் இன்னும் இருக்கும், நரியின் மடியில். மூக்கில் ஒட்டுக் கோடு உள்ள தாள் கிடைத்தால் அது என் வேலை. தாங்கள் பிரிக்காமல் புதைத்த கடிதத்தில் இதுதான் இருந்தது. இதை அவளுக்குப் பிப்ரவரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கீழே உள்ள வரியைக் கத்தரித்து எடுத்து ஆயரின் அதிகாரியிடம் தாங்களே கையில் கொடுங்கள். அவளை மதிலுக்கு உள்ளே கொண்டுவந்து வைப்பார்களா என்று கேளுங்கள். தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இதற்குமேல் அவளுக்கு எதுவும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

நரித் துறவி படத்தில் உள்ள பெண்ணின் முகத்தை வேறு யாரும் சொல்லாமல் நானே என் மனசிலிருந்து செதுக்கினேன்.

லீன்ஹார்ட் ரெஸ்லர்,
மரம் செதுக்குபவன்,
தோல் பதனிடுவோர் தெரு, நூரம்பெர்க்.